ஐகாம் உறுப்பினர் அட்டை: நுழைவாயிலில் அதன் மதிப்பு என்ன?

அருங்காட்சியகங்களில் பணிபுரிவோர் பிற அருங்காட்சியகங்களைக் கட்டணமின்றிப் பார்ப்பதற்குப் பயன்படும் சான்றுகள் பல வகைப்படும். அவற்றுள் நாட்டு எல்லைகளைக் கடந்து மிகப் பரவலாக ஏற்கப்படுவது, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் தன் உறுப்பினர்களுக்கு வழங்கும் அட்டையே. 1946இல் தோன்றி, யுனெஸ்கோவுடன் முறையான உறவு பேணிவரும் அந்த மன்றத்தைத் துறையில் உள்ளவர்கள் ஐகாம் என்ற சுருக்கப் பெயராலேயே அழைக்கிறார்கள். மன்றத்தின் மாநாடுகளையும் குழுக்களையும் வெளியீடுகளையும் ஒதுக்கிவிட்டு, அந்த அட்டை நுழைவாயிலில் எதைச் சாதிக்கிறது, எதைச் சாதிப்பதில்லை என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். கட்டணத்தை மிச்சப்படுத்தும் வழியாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள், குறிப்பாக இந்தியாவிலிருந்து எப்போதாவது ஒருமுறை வெளிநாடு செல்பவர்கள், ஏமாற்றம் அடையக்கூடும். ஒரே காட்சிக்கூடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று வேலை செய்ய வேண்டிய ஒருவருக்கோ இதற்கு ஈடான வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

பணம் கட்டினால் எவருக்கும் கிடைத்துவிடும் அட்டை அன்று இது. விண்ணப்பிப்பவர் ஓர் அருங்காட்சியகத்திலோ, அதன் பணிகளோடு தொடர்புடைய பயிற்சி அல்லது ஆய்வு நிறுவனத்திலோ பணிபுரிபவர் என்பதை ஆவணங்களுடன் நிறுவ வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கும், அருங்காட்சியகவியல் போன்ற படிப்புகளில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் தனி வகைகள் உண்டு. நிறுவனமே உறுப்பினராகிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அட்டைகளைப் பெற்றுத் தன் பணியாளர்களிடம் கொடுப்பதும் நடைமுறையில் உள்ளது. விண்ணப்பம் அந்தந்த நாட்டுத் தேசியக் குழுவின் வழியாகச் செல்கிறது. இந்தியாவுக்கும் அப்படி ஒரு குழு இருக்கிறது. எந்த நிறுவனத்தை அருங்காட்சியகம் என ஏற்பது என்பதில்கூட நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. 2019இல் கியோட்டோ நகரில் முன்வைக்கப்பட்ட புதிய வரையறை வாக்கெடுப்புக்குச் செல்லாமல் தள்ளிப்போய், 2022 ஆகஸ்டில் பிராக் நகரில்தான் 92 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வேறொரு வடிவம் ஏற்கப்பட்டது.

தகுதி விதிகளுள் மிகக் கறாரானது ஒன்று உண்டு: பண்பாட்டுப் பொருள்களை இலாபத்துக்காக வாங்கி விற்பவர்கள் உறுப்பினராக முடியாது. நுழைவுச் சலுகைக்கும் இந்த விலக்குக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொடர்பு உண்டு, உறுப்பினராகச் சேரும் ஒவ்வொருவரும் 1986இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் ஏற்கப்பட்டு 2004இல் சியோலில் திருத்தப்பட்ட ஐகாமின் அறநெறிக் கோவைக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறார். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டணம் வாங்காமல் உள்ளே விடும் ஒரு நிறுவனம், அவர் சிலைக் கடத்தல் தரகராக இருக்க மாட்டார் என்ற ஓரளவு நம்பிக்கையின் மீதுதான் அதைச் செய்கிறது. அட்டையின் மரியாதை அந்த நம்பிக்கையிலிருந்து வருவது. தம் அட்டையை யாரோ ஒருவருக்குச் சலுகையாக இரவல் கொடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, அட்டையின் செல்லுபடி பற்றிய முதன்மையான உண்மை: அதை ஏற்க வேண்டும் என்று எந்த அருங்காட்சியகத்தையும் ஐகாம் கட்டாயப்படுத்துவதில்லை. இலவசமா, குறைந்த கட்டணமா, இரண்டும் இல்லையா என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள, நெதர்லாந்தின் மியூசியம்கார்ட் என்ற ஆண்டுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். 1981 முதல் வழக்கில் இருக்கும் அந்தச் சீட்டை எவரும் வாங்கலாம். நாடெங்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் அது செல்லும். அதைக் காட்டி உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி, சீட்டு விற்பனையில் சேரும் தொகையிலிருந்து அந்த அருங்காட்சியகத்துக்குத் திரும்பக் கிடைக்கும். ஐகாம் அட்டையைக் காட்டி வருபவருக்காக யாரும் எதையும் ஈடு செய்வதில்லை. கதவைத் திறந்துவிடும் நிறுவனமே முழுச் செலவையும் ஏற்கிறது. எனவே இதை நுகர்வோர் உரிமை போல் பேசி வாதாடுவதற்கு இடமே இல்லை. விருந்தினராகச் செல்கிறோம் என்ற உணர்வோடு முகப்பில் நிற்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் ஏற்பு எப்படி இருக்கிறது என்றால், ஐரோப்பாக் கண்டத்தில் மிகச் சிறப்பு, மற்ற இடங்களில் இடத்துக்கு இடம் வேறு. இத்தாலியில் இது விருந்தோம்பலையும் தாண்டிச் சட்டமாகவே இருக்கிறது: அரசு அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம் பற்றிய 1997ஆம் ஆண்டு ஆணையில், கட்டணம் செலுத்தத் தேவையில்லாதவர்களின் பட்டியலில் ஐகாம் உறுப்பினர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் பிளாரன்சின் உஃபிஸி முதல் சிறு ஊர்த் தொல்லியல் அருங்காட்சியகம் வரை, அரசுடையது என்றால், விளக்கம் சொல்லும் தேவையே எழுவதில்லை. பெர்லினின் அரசு அருங்காட்சியகங்கள் இந்த அட்டையோடு, 1917இல் தொடங்கிய ஜெர்மானிய அருங்காட்சியகச் சங்கத்தின் அட்டையையும் ஏற்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இலவச நுழைவுக்கு உரியவர்களின் பட்டியலில் ஐகாம் உண்டு. பாரிஸின் லூவரிலும் உண்டு.

லூவரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அட்டையின் பண மதிப்பும் அதைவிடப் பெரிய ஒரு மதிப்பும் அங்கே துலக்கமாகத் தெரிகின்றன. 2024 ஜனவரியில் அங்கு நுழைவுக் கட்டணம் 17 யூரோவிலிருந்து 22 யூரோவாக உயர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது 32 யூரோ. இப்படிக் கடவுச்சீட்டைப் பார்த்துக் கட்டணம் வாங்குவதை நாம் குறை சொல்வதற்கில்லை. தில்லியின் தேசிய அருங்காட்சியகத்தில் இந்தியருக்கு 20 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 650 ரூபாயும் வாங்குகிற வழக்கத்துக்கு நாம் பழகியவர்கள். ஆனால் நாட்டைப் பார்த்து விலை வைக்கும் போக்கு வலுத்துவரும் இக்காலத்தில், எந்த நாட்டவர் என்று கேட்காமல் என்ன தொழில் என்று மட்டும் கேட்கும் சான்றுகள் மிகச் சிலவே. மதுரையிலிருந்து வரும் காப்பாட்சியரும் மியூனிக்கிலிருந்து வரும் காப்பாட்சியரும் லூவர் நுழைவாயிலின் கண்ணாடிப் பிரமிடின் கீழே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்த அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த கூறு இதுதான்.

லண்டனில் அட்டையின் பயன் குறைவு, நல்ல காரணத்தால். அங்குள்ள தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 டிசம்பர் முதல் எவருக்கும் கட்டணம் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியுமாகப் பிரிந்து கிடக்கும் அமராவதிச் சிற்பங்களை ஒப்பிட்டு ஆராய விரும்பும் தமிழ்நாட்டு ஆய்வாளர், அங்குள்ள 33ஏ அறைக்குச் செல்ல எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் அந்தந்த இடத்தில் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1889இல் தோன்றிய, உலகின் மிகப் பழமையான அருங்காட்சியகச் சங்கம் பிரிட்டனில் இயங்குவதால், அங்கு உள்நாட்டுப் பணியாளர்களிடம் அந்தச் சங்கத்தின் அட்டையே அதிகம் புழங்குகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் தனியார் அறக்கட்டளைகள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். சொந்த அலுவலக அடையாள அட்டையைக் காட்டியவுடன் சக பணியாளர் என்று உள்ளே அனுப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கு செல்பவர்கள் ஐகாம் அட்டையோடு அலுவலக அட்டையையும் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

குறைகளுக்கு வருவோம். முதலாவதும் பெரியதும் இணைய முன்பதிவு. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பெரிய அருங்காட்சியகங்கள் நேரம் குறித்த நுழைவுக்கு மாறிவிட்டன. லூவர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30,000 பேர் என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது; வான் கோ அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும். அட்டை வைத்திருப்பவரும் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றை நேரம் குறித்து எடுத்தாக வேண்டும். சில முன்பதிவுத் தளங்களில் அந்த வகை முதல் பக்கத்திலேயே இருக்கும். சிலவற்றில் குறைந்த கட்டணப் பிரிவுக்குள் புகுந்து, ஓய்வூதியர், வேலையற்றோர், மாற்றுத்திறனாளி ஆகியோரைக் கடந்து கீழே தேட வேண்டும். இன்னும் சிலவற்றில் அது இருக்கவே இருக்காது, நேரில் வந்து முகப்பில் கேளுங்கள் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். நேரில் போனால் அன்றைய நேரங்கள் அனைத்தும் நிரம்பியிருக்கும். நுழைவு இலவசம் என்றாலும் முன்பதிவுக்கெனத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உள்ளன. விற்பனையாகும் சீட்டுகளுக்கு முன்னுரிமை தரும்படி வடிவமைக்கப்பட்ட ஒரு கணினி முறைக்குள், விருந்தோம்பலை எந்தப் பொத்தானில் வைப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது குறை, முகப்பில் இருப்பவருக்கு அட்டை தெரியாமல் போவது. ஆசிய நகரம் ஒன்றின் பெரிய அருங்காட்சியகத்தில், கட்டணப் பலகையிலேயே ஐகாம் என்று அச்சிட்டிருந்தும், சீட்டு வழங்கியவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மேலாளரை அழைத்தார். மேலாளர் வரும்வரை எனக்குப் பின்னால் பள்ளிக் குழந்தைகளின் வரிசை நீண்டுகொண்டே போனது. நுழைவாயிற் பணி பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டிருப்பதால் இது வியப்பன்று. இத்தகைய நேரத்தில் வாதம் செய்வதைவிடச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே செல்வதே நம் தொழிலுக்கு மதிப்பு. அட்டையில் அந்தந்த ஆண்டுக்கான வில்லையை (ஸ்டிக்கரை) ஒட்டும் வழக்கம் உள்ள இடங்களில் வேறொரு சிக்கல்: தபாலில் வர வேண்டிய வில்லை தாமதமானால், சந்தா கட்டியிருந்தும் அட்டை பழைய ஆண்டினதாகவே காட்சியளிக்கும். பயணத்துக்கு முன் சந்தா செலுத்திய ரசீதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டா என்பது, இந்த அட்டையைப் பற்றி என்னிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி. பொதுவாக இல்லை. தனிநபர் உறுப்பினரின் அட்டை அவர் ஒருவருக்கே உரியது, மாற்றித் தரத்தக்கது அன்று.

இவ்வளவு குறைகளையும் சொன்ன பிறகும் இதை ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், கட்டணம் என்பது பணத்தை மட்டும் பறிப்பதில்லை, பார்க்கும் முறையையே மாற்றிவிடுகிறது என்பதால். 32 யூரோ கொடுத்து உள்ளே போனவர், கொடுத்த காசுக்குப் பார்த்துவிட வேண்டும் என்ற கட்டாயத்துடன் கால் ஓயும் வரை எல்லாக் கூடங்களையும் சுற்றுகிறார். அதே சீட்டில் வெளியேறி மீண்டும் நுழைய லூவரில் அனுமதி இல்லை என்பதால் அந்தக் கட்டாயம் இன்னும் கூடுகிறது. காப்பாட்சியருக்கோ காட்சிக்கூட வடிவமைப்பாளருக்கோ அப்படிச் சுற்றுவது ஏறத்தாழப் பயனற்றது. அவருக்கு வேண்டியது ஒரே அறையில் முக்கால் மணி நேரம். பிறகு வெளியே வந்து குறிப்பு எழுதிவிட்டு, வேறொரு நாள் கூட்டம் மிகுந்த வேளையில் அதே அறையில் மீண்டும் அரை மணி நேரம். பொருளைப் பார்ப்பதோடு அவர் நிற்பதில்லை. துணியும் தாளும் இருக்கும் பேழையில் ஒளி 50 லக்ஸ் அளவுக்குள் அடக்கப்பட்டிருக்கிறதா, அப்படி அடக்கிய பின்னும் விளக்கப் பலகை படிக்கும்படி இருக்கிறதா, ஈரப்பத அளவி எந்த மூலையில் மறைந்திருக்கிறது, சிலையைத் தாங்கும் கொக்கி எங்கே கல்லைத் தொடுகிறது, முதியவருக்கு எத்தனை அடிக்கு ஒருமுறை உட்கார இடம் கிடைக்கிறது, குழந்தைகள் எந்தப் பலகைக்கு முன் நிற்கிறார்கள், எதைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று அவர் பார்க்கும் பட்டியல் வேறு. இதை ஒரே மூச்சில் பார்த்து முடிக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். ரைக்ஸ்மியூசியத்தின் ஆசியக் கூடம் 2013இல் முதன்மைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், நீர் சூழ்ந்த தனிக் கட்டடமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள நடராசர் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் 153 செண்டிமீட்டர். இந்தியாவுக்கு வெளியே அருங்காட்சியகங்களில் இருக்கும் நடராசர் திருமேனிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. அது உள்ளீடற்றதன்று, திடவார்ப்பு என்பது ஊடுகதிர்ச் சோதனையில் உறுதிப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் பயணி அதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு ரெம்பிராண்டின் ஓவியத்தை நோக்கி விரைந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அன்று ஒரு நாள்தான். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தின் மரபில் பயின்ற ஒருவர் அதே திருமேனிக்கு முன் நிற்கும்போது, திருவாசியின் சுடர்கள் பீடத்தோடு சேரும் இடம், விரிசடையின் வார்ப்பு, உலோகத்தின் மேற்பரப்பு நிறம், சென்னையில் ஏறக்குறைய இதே வகைத் திருமேனிக்கு நாம் வைத்திருக்கும் ஒளியமைப்பு எல்லாவற்றையும் மனத்தில் ஒப்பிட்டுக்கொண்டே பார்க்கிறார். காலை வெளிச்சத்தில் தெரிந்தது மாலையில் தெரிவதில்லை. மாலையில் தெரிந்த ஒரு தழும்பைச் சரிபார்க்க மறுநாளும் வர வேண்டியிருக்கிறது. 25 யூரோ அளவில் இருக்கும் கட்டணத்தை ஒவ்வொரு முறையும் செலுத்தித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றால், நம் ஊர்ச் சம்பளத்தில் இருப்பவர் மறுநாள் வர மாட்டார். அந்த மறுநாள் வருகையைச் சாத்தியமாக்குவதற்காகவே இந்த அட்டையை நான் ஆண்டுதோறும் புதுப்பித்துவருகிறேன்.

செலவு பற்றி: சந்தா எல்லா நாட்டினருக்கும் ஒன்றன்று. நாட்டின் பொருளாதார நிலையை வைத்து நாடுகளை வகைப்படுத்தி, அதற்கேற்பத் தொகையை ஐகாம் நிர்ணயிக்கிறது. மாணவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் குறைவு. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் உறுப்பினர்களில் மிகப் பெரும் பங்கினர் ஐரோப்பியர்களாக இருப்பதற்குக் காரணம் எளிது. கொலோனில் இருப்பவர் இரண்டு மூன்று மணி நேர ரயில் பயணத்தில் மூன்று நாடுகளின் அருங்காட்சியகங்களை அடைந்துவிடலாம். அவருக்குச் சந்தா ஒரு மாதத்தில் ஈடாகிவிடும். திருச்சியில் இருப்பவருக்கு அட்டை பயன்படும் இடத்தை அடையவே விமானச் சீட்டும் விசாவும் வேண்டும். உள்நாட்டில் பயன்படுத்தலாமே என்றால், நம் அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம் இந்தியருக்குப் பெரும்பாலும் சில பத்து ரூபாய்கள்தான். அதை மிச்சப்படுத்த யூரோவில் சந்தா கட்டுவது வேடிக்கை. உள்நாட்டில் நமக்கு உண்மையில் தேவைப்படுவது படமெடுக்கும் அனுமதியும் இருப்பறையைப் பார்க்கும் அனுமதியும். அவற்றை எந்த அட்டையும் பெற்றுத் தராது, துறைத் தலைவரின் கடிதமே பெற்றுத் தரும்.

ஆகவே வெளிநாட்டுப் பயிற்சியோ, கருத்தரங்கோ, பொருள்களைக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லும் காவல் பயணமோ உறுதியாகியிருக்கும் ஆண்டில் சேருங்கள். உறுப்பினர் காலம் நாள்காட்டி ஆண்டைப் பின்பற்றுவதால், ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அந்தச் சந்தா எந்த ஆண்டுக்குக் கணக்கிடப்படும் என்று தேசியக் குழுவிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகலை மாணவர்கள் படிப்பு முடிவதற்குள், மாணவர் சந்தா கிடைக்கும் காலத்திலேயே சேர்வது நல்லது. நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை: நிறுவன உறுப்பினராகிப் பெறும் அட்டைகள் இயக்குநரின் மேசை இழுப்பறையில் தூங்குவதைவிட, பயணம் செல்லும் வேதியியலாளருக்கோ காட்சிப்பேழை செய்யும் தச்சருக்கோ கொடுக்கப்பட்டால் காட்சிக்கூடத்தில் அதன் விளைவு தெரியும்.

மதிப்பெண் போட வேண்டுமானால் ஐந்துக்கு நான்கு போடுவேன். கழித்த ஒன்றில் பாதி முன்பதிவுத் தளங்களுக்கு. மீதிப் பாதி நம்மைப் போன்றவர்களுக்கே. மற்றவர்கள் வீட்டில் விருந்துண்ணும் நாம், நம் வாயிலுக்கு வரும் சக பணியாளருக்கு என்ன செய்கிறோம்? கொழும்பிலிருந்தோ டாக்காவிலிருந்தோ ஒரு காப்பாட்சியர் தம் அட்டையோடு நம் முகப்புக்கு வந்தால், நம் கட்டணப் பலகைகள் பலவற்றில் பெரியவர், சிறியவர், வெளிநாட்டவர், கேமரா என்ற வரிகள் மட்டுமே இருப்பதைக் காண்பார்; சீட்டு வழங்குபவரும் வெளிநாட்டவருக்கான தொகையையே கேட்பார், அவர் மீது தவறும் இல்லை. அருங்காட்சியகப் பணியாளர்களுக்கு இலவசம் என்ற ஒற்றை வரியைப் பலகையில் சேர்ப்பதால் ஆண்டு வருவாயில் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்கத் தக்கதாக இராது. கட்டண மாற்றத்துக்கு அரசாணை தேவைப்படும் இடங்களில், அடுத்த கட்டணத் திருத்தத்துக்கான கோப்பு நகரும்போதே இந்த வரியையும் சேர்த்து அனுப்பலாம்.